உங்கள் மூன்று, என் இரண்டு

கொடைக்கானல்
2 மே 1943

786

மச்சான் ஒலியுல்லா அவர்களுக்கு ஜாஹிதா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நான் சுகம். புது இடத்துத் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா, தூக்கம் வருகிறதா என்று உடனே எழுதவும்.

நீங்கள் பஸ் ஏறி இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. துரைசாணி அம்மாவின் மிஷன் பங்களா விருந்துக்கு யாரோ ஒரு மேஜர் துரை வந்தார். உங்கள் காப்ளர் பலகாரத்தில் ஒரு கரண்டி வாயில் வைத்தார். இரண்டாவது கரண்டி முடிவதற்குள் உங்களைப் பட்டாளத்து மெஸ்ஸுக்குச் சமையல்காரர் ஆக்கிவிட்டார். நீங்களும் தலையாட்டிவிட்டு வந்து அப்புறம்தான் என்னிடம் சொன்னீர்கள். மாவுக்குக் கீழே வெந்த பழம் ஒரு மனுஷனை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது பாருங்கள்.

இப்போது என் கஷ்டத்துக்கு வருகிறேன். துரைசாணி அம்மா நேற்று என்னைக் கூப்பிட்டு, பிரசங்கம் பண்ணுகிற அதே தமிழில் சொன்னார். "ஜாஹிதாவே, வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டத்துச் சகோதரிகள் தேநீருக்கு வருகிறார்கள். ஒலியுல்லாவின் காப்ளரை நீ செய்வாயானால் பின்கட்டு அறை உன்னுடையதே. இல்லையேல் நான் வேறொரு சமையல்காரனைக் குடும்பத்தோடு அமர்த்த வேண்டியதாயிருக்கும்." வத்தலக்குண்டிலிருந்து செல்லப்பாண்டி என்கிற சமையல்காரர் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து நம் அறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கட்டில் எங்கே போடலாம் என்று கண்ணாலேயே அளந்தார்.

பழனியிலிருந்து அண்ணனும் ஆள் விட்டிருந்தார். "மலைக் குளிரு ஒனக்கு ஆகாதுன்னு நிக்காஹ் அன்னைக்கே சொன்னேன். பேசாம எறங்கி வா" என்றாராம். நான் போகவில்லை. நீங்கள் லீவில் வந்தால் இந்தக் கதவைத்தான் தட்டுவீர்கள். அப்போது செல்லப்பாண்டி வந்து திறக்கக்கூடாது.

நாலு வருஷமாக அந்தச் சமையல்கட்டுக்குள் நீங்கள் என்னை விட்டதில்லை. வெளியே துணி துவைத்துக்கொண்டு நான் கேட்டதெல்லாம் நீங்கள் ஓதுகிற சத்தம் மட்டும்தான். ஆகையால் ஒன்று விடாமல் எழுதவும்.

உங்கள் துஆவை நாடும்
ஜாஹிதா


ஊர் பெயர் எழுதக்கூடாது
11 மே 1943

பிரியமுள்ள ஜாஹிதாவுக்கு ஒலியுல்லாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் உடம்பு நன்றாக இருக்கிறது. நான் இருக்கும் ஊரை எழுதினால் சென்சார் துரை மை பூசிவிடுவார். வடக்கே, வெயில் அதிகமான இடம் என்று வைத்துக்கொள்.

உன்னிடம் சொல்லாமல் தலையாட்டியது தப்புதான். பெரிய மனுஷர் ஒருவர் நம் கைப்பக்குவத்தைப் புகழ்ந்ததும் தலை தானாக ஆடிவிட்டது. பஸ் மலைப்பாதையில் இறங்கும்போதே எனக்கு வருத்தம் வந்துவிட்டது. பாதியில் இறங்க வெட்கமாக இருந்தது.

இனிக் கேள். இப்போது பிளம்ஸ் காலம். கல்லை எடுத்துவிட்டுப் பழத்தைத் துண்டு போட்டு, சர்க்கரையும் ஒரு விரல் பட்டையும் சேர்த்துக் கைப்பிடி உடைந்த தட்டில் பரப்பு. மைதாவில் சோடா உப்பு, வெண்ணெய், புளித்த மோர் விட்டுப் பிசை. சப்பாத்தி மாவு மாதிரி கெட்டியாக வேண்டாம், கரண்டியிலிருந்து தொப்பென்று விழ வேண்டும். அதைக் கரண்டி கரண்டியாகப் பழத்தின் மேல் விடு. சமன் செய்ய உன் கை பரபரக்கும். செய்யாதே. இடைவெளி இருந்தால்தான் பழத்தின் ஆவி வெளியே வரும்.

பெரிய தேக்சாவின் அடியில் மணல் பரப்பித் தட்டை உள்ளே வைத்து மூடு. பிரியாணிக்குத் தம் போடுவதுபோல்தான். ஆனால் தணல் எண்ணி வைக்க வேண்டும். மேலே மூடியில் பன்னிரண்டு, கீழே எட்டு. ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு.

கடிகாரம் கூடத்தில் இருக்கிறது, அடுப்போ பின்கட்டில். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் பக்குவம் தவறிவிடும். அதனால் நான் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து குர்ஆனில் யாசீன் சூரா ஓதுவேன். மூன்று யாசீன். மூன்றாவது முடியும்போது மூடியைத் திற. பொன்னிறமாக இருக்கும். அதற்கு முன்னால் திறக்காதே.

கதவை நான்தான் தட்டுவேன்.

ஒலியுல்லா


கொடைக்கானல்
4 ஜூன் 1943

மச்சானுக்கு ஜாஹிதாவின் ஸலாம். நான் நலம். என் மானம் நலமாக இல்லை.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி, நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்து, மேலே பன்னிரண்டு கீழே எட்டு வைத்து, யாசீன் ஓத உட்கார்ந்தேன். இரண்டாவது யாசீனின் பாதியில் தோட்டக்கார வேலப்பனின் மனைவி சுந்தராம்பாள் கிணற்றடியிலிருந்து ஓடி வந்தாள். "ஏ ஜாஹிதா, தந்தி வந்திருச்சா? இது எழவு வீட்டுல ஓதுறதுல்ல? அண்ணனுக்கு என்ன ஆச்சு புள்ள?" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் நடுவில் பேச முடியாமல் கையை ஆட்டினேன். 'எல்லாம் போச்சு' என்று நான் சொல்வதாக நினைத்து அவள் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். துரைசாணி அம்மா செருப்பில்லாமல் ஓடி வந்தார். நான் மூன்றையும் முடித்து மூடியைத் திறந்தால், உள்ளே கரி. "ஜாஹிதாவே, இது தகனபலி போலிருக்கிறதே" என்றார் அம்மா.

சரி, அன்றைக்கு அழுகைச் சத்தத்தில் பக்குவம் தவறிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், போன வெள்ளிக்கிழமை ஒரு ஈ காக்கை இல்லை. அன்றும் கருகியது. மூன்று யாசீன் அதிகம் மச்சான். சுந்தராம்பாள் "பாதியில நிறுத்திக்கயேன்" என்கிறாள். பழத்துக்காக அல்லாஹ்வின் வார்த்தையைப் பாதியில் நிறுத்த மாட்டேன். வேறு வழி சொல்லவும். இந்த மாதம் முடிகிறவரைக்கும்தான் பொறுப்பேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். சுந்தராம்பாள் அழுதபோது அவள் சொன்னது நிஜமாக இருந்தால் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். உடனே பதில் போடவும்.

ஜாஹிதா


ஃபீல்டு போஸ்டாபீஸ்
20 ஜூன் 1943

என் ஜாஹிதாவுக்கு, உன் மச்சான் உயிரோடும் உடம்போடும் இருந்துகொண்டு எழுதுவது. ஸலாம். சுந்தராம்பாளிடமும் சொல்லிவிடு.

உன் கடிதம் எனக்கு முன்னால் சென்சார் கைக்குப் போனது. தமிழ் தெரிந்த சுபேதார் ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "மேல பன்னெண்டு, கீழ எட்டு, மூணு யாசீன். என்னய்யா இது, பீரங்கிக் கணக்கா?" என்றார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அங்கேயே டின் பீச் பழத்தை உடைத்துக் காப்ளர் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மூன்று யாசீன் ஓதி, மூடியைத் திறந்து காட்டினேன். சென்சார் ஆபீஸில் இருந்த நாலு பேரும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு உன் கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள்.

அன்று ஓதிக்கொண்டிருக்கும்போதுதான் என் புத்திக்கு எட்டியது. தப்பு என் மேல். உன் அத்தா மதரஸாவில் ஓதிக்கொடுத்தவர். நீ நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி ஓதுவாய். நான் குதிரை வண்டி. என் மூன்று உன் இரண்டுக்குச் சரி. நீ இரண்டு மட்டும் ஓது.

இன்னொன்றும் தோன்றியது. இங்கேயும் மெஸ்ஸுக்கு வெள்ளிக்கிழமைதான் காப்ளர் வைத்திருக்கிறேன். சாயங்காலம் அஸர் தொழுது முடித்ததும் நான் தணல் வைக்கிறேன். நீயும் அப்போதே வை. நான் மூன்று ஓதுகிறேன், நீ இரண்டு ஓது. இரண்டு பேரும் ஒன்றாக முடிப்போம். அந்த நேரம் மட்டும் நான் அந்தச் சமையல்கட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்.

ஒலியுல்லா


கொடைக்கானல்
16 ஜூலை 1943

மச்சானுக்கு ஸலாம். உங்கள் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ செய்கிறேன்.

பொன்னிறம்! இரண்டு யாசீன், மூன்று வெள்ளிக்கிழமை, மூன்றும் பொன்னிறம். பேரிக்காயும் வர ஆரம்பித்துவிட்டது. துரைசாணி அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்து, "இது ஒலியுல்லாவின் கையே" என்றார். என் கை என்று சொல்லவில்லை. பரவாயில்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது.

செல்லப்பாண்டி மறுபடி வந்தார். அம்மாவே "அறை காலியில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன்.

நீங்கள் சொன்னபடி அஸருக்கு அப்புறம் உட்காருகிறேன். வியாழக்கிழமை சாயங்காலமே எனக்கு வெள்ளிக்கிழமை ஆரம்பித்துவிடுகிறது. ஓதும்போது நீங்கள் இப்போது சூராவில் எங்கே இருப்பீர்கள் என்று கூடவே கணக்குப் பார்க்கிறேன். இரண்டாவது முடிகிற இடத்தில் நீங்களும் வந்து சேர்கிறீர்கள். அப்புறம் மூடியைத் திறக்க மனசே வருவதில்லை. திறந்தால் முடிந்துவிடுகிறதே.

இங்கே சாரல் விடவில்லை. சன்னலைச் சாத்தினாலும் மேகம் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறது. எனக்குக் கொஞ்சம் சளி, அதை விடுங்கள். லீவு எப்போது?

ஜாஹிதா


ஃபீல்டு போஸ்டாபீஸ்
8 ஆகஸ்ட் 1943

ஜாஹிதாவுக்கு ஸலாம். நீ எழுதியதை நாலு தடவை படித்தேன்.

லீவு இல்லை. கேட்டேன். சண்டை முடியட்டும் என்கிறார்கள். அது எப்போது முடியும் என்று கேட்டால் மேஜர் துரை சிரிக்கிறார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டின்னில் வருகிற பீச் பழத்துக்கு வாசனையே கிடையாது. நான் நம் ஊர்ப் பேரிக்காயை நினைத்துக்கொண்டு பட்டை போடுகிறேன். மூடியைத் திறக்கும்போது ஒரு நொடி அந்த வாசனை வந்துவிட்டுப் போகிறது. உன் தலைமுடியில் இருக்கும் புகை வாசனையும் அதோடு வருகிறது. சென்சார் துரை இதைப் படித்தால் படிக்கட்டும்.

'கொஞ்சம் சளி' என்று எழுதி, அடுத்த வார்த்தையிலேயே 'அதை விடுங்கள்' என்கிறாய். எதை விடுவது? சளி எப்படி இருக்கிறது என்று எழுது.

ஒலியுல்லா


கொடைக்கானல்
24 செப்டம்பர் 1943

மச்சானுக்கு ஜாஹிதாவின் ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. உங்களைப் பட்டாளத்தில் விடியுமுன் எழுந்து ஸஹர் செய்ய விடுகிறார்களா? பெருநாளுக்கு இந்தக் கடிதம் வந்து சேராது, அதனால் இப்போதே பெருநாள் ஸலாம்.

இந்த மாதம் மூன்று வெள்ளிக்கிழமையும் காப்ளர் கருகிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. மேலே பன்னிரண்டு, கீழே எட்டு, எலுமிச்சை அளவுதான். இரண்டு யாசீன்தான். கரி மழையில் நனைந்து கெட்டுவிட்டதோ என்னவோ. வேலப்பன் கொண்டுவந்து கொடுப்பது வாட்டில் மரத்துக் கரி, அதை நம்ப முடியாது. நோன்பு வைத்துக்கொண்டு ருசி பார்க்காமல் செய்வதாலும் இருக்கும். மேல் மாவு ஓரம் நடு எல்லாம் ஒரே கறுப்பு. கரண்டியால் தட்டினால் ஓடு மாதிரி டக்கென்கிறது. பழம் தட்டோடு ஒட்டிக்கொண்டது.

அம்மா ஒரு அலாரம் கடிகாரம் கொடுத்தார். "முப்பத்தைந்து நிமிஷத்துக்கு இதை முடுக்கி வை" என்றார். வாங்கிக்கொண்டேன். வைக்கவில்லை. கடிகாரம் வைத்தால் கருகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அது ஓடுகிற நேரத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? அதை அலமாரியில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் சரியாகிவிடும். செல்லப்பாண்டி ஏரிப் பக்கம் யார் வீட்டிலோ தங்கியிருக்கிறாராம்.

ஜாஹிதா


ஃபீல்டு போஸ்டாபீஸ்
23 அக்டோபர் 1943

ஜாஹிதா,

ஸலாம். இந்தத் தடவை உன் சுகத்தைக் கேட்கப் போவதில்லை. நானே சொல்கிறேன்.

நனைந்த கரி கருக்காது. நனைந்த கரி புகையும், அணையும், மாவை வேகாமல் விடும். நான் பதினெட்டு வருஷம் நெருப்போடு இருக்கிறவன், என்னிடம் கரி மேல் பழி போடாதே. நெருப்பு மாறவில்லை, எண்ணிக்கை மாறவில்லை, பழம் மாறவில்லை. மாறியது நேரம் ஒன்றுதான்.

மூன்று வெள்ளிக்கிழமையாகச் சோதித்தேன். மேலே பன்னிரண்டு, கீழே எட்டு. முதல் வெள்ளி, என் வேகத்தை விட்டுவிட்டு உன் வேகத்தில் இரண்டு ஓதினேன். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து நீ ஓதுவதை எத்தனை நாள் கேட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? பொன்னிறம். அடுத்த வெள்ளி, நாலு ஆயத்துக்கு ஒருமுறை நின்றேன். ஓரம் சிவந்தது, அவ்வளவுதான். நேற்று ஒவ்வொரு ஆயத்துக்கும் நின்று, பத்து எண்ணி, அப்புறம் ஓதினேன். திறந்தால் ஓரம் நடு எல்லாம் ஒரே கறுப்பு. கரண்டியால் தட்டினேன். டக்கென்றது. மெஸ்ஸில் என் கையில் இதுவரை எதுவும் கருகியதில்லை, எல்லோரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

யாசீனில் எண்பத்து மூன்று ஆயத். எண்பத்து மூன்று இடத்திலும் உனக்கு மூச்சு வாங்குகிறது. சளி இல்லை ஜாஹிதா, இது இழுப்பு. குளிர் உனக்கு ஆகாது என்று உன் அண்ணன் சொன்னபோது நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் மலையை விட்டு இறங்கி அண்ணன் வீட்டுக்குப் போய்விடு. அறை போனால் போகட்டும்.

ஒலியுல்லா


கொடைக்கானல்
12 நவம்பர் 1943

மச்சானுக்கு ஸலாம்.

நீங்கள் சமையல்காரரா, வைத்தியரா? கருகின மாவைத் தட்டிப் பார்த்து வியாதி சொல்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆயத்துக்கு ஆயத்து நின்று ஓதுவதுதான் சுன்னத்து என்று என் அத்தா சொல்வார். உங்களைப் போல் குதிரை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது தெரியாது. இந்த மேட்டில் எல்லோருக்கும்தான் மூச்சு வாங்குகிறது. வேலப்பனுக்கு இல்லையா? தலையணையை இரண்டாக வைத்துச் சாய்ந்து படுத்தால் ஒன்றும் தெரிவதில்லை. சுந்தராம்பாள் கருந்துளசிக் கஷாயம் வைத்துத் தருகிறாள்.

அறை போனால் போகட்டும் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். நீங்கள் போனபோது என்னைக் கேட்கவில்லை. எனக்கென்று விட்டுவிட்டுப் போனது அந்தக் கதவு ஒன்றுதான். கதவில் உங்கள் கரிக்கை பட்ட இடம் இன்னும் கறுப்பாக இருக்கிறது, நான் அதைக் கழுவவில்லை. நீங்கள் வருகிறவரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். துரைசாணி அம்மாவுக்கு இது எதையும் எழுதிவிடாதீர்கள். அவர் இரக்கப்பட்டால் அன்றைக்கே என் அறை போய்விடும்.

ஜாஹிதா


பழனி
19 டிசம்பர் 1943

ஒலியுல்லா அவர்களுக்கு,

எழுதாதீர்கள் என்றேன். எழுதிவிட்டீர்கள்.

அம்மா உங்கள் கடிதத்தை எனக்கு முன்னால் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "'என் மனைவியைத் தயவுசெய்து வேலையிலிருந்து நீக்கிவிடவும். அவளாகப் போகமாட்டாள்' என்று உன் புருஷன் எழுதியிருக்கிறான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கண் கலங்கவில்லை. டாக்டர் துரை வந்து குழாய் வைத்துப் பார்த்து, இன்னொரு பனிக்காலம் இங்கே கூடாது என்றார்.

அண்ணன் வாழைத்தார் ஏற்றுகிற லாரியில் வந்து கூட்டிப்போனார். என் கட்டில் வெளியே வரும்போது செல்லப்பாண்டியின் கட்டில் உள்ளே போனது. அவருடைய மனைவி நல்லவள்தான் போல. கதவு அழுக்காக இருக்கிறது என்று ஈரத்துணி எடுத்துக்கொண்டு வந்தாள். நான் அதைப் பார்க்க நிற்கவில்லை.

இனி வெள்ளிக்கிழமை நீங்கள் தனியாக ஓதிக்கொள்ளுங்கள்.

ஜாஹிதா


ஃபீல்டு போஸ்டாபீஸ்
30 ஜனவரி 1944

என் ஜாஹிதாவுக்கு ஸலாம். இதற்கு முன்னால் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. உன் அண்ணன் மட்டும் ஒரு கார்டு போட்டார், 'ஜாஹிதா இங்கே இருக்கிறாள்' என்று. எப்படி இருக்கிறாள் என்று எழுதவில்லை. நீதான் எழுத வேண்டாம் என்று சொல்லியிருப்பாய்.

உன்னைக் கேட்காமல் பட்டாளத்துக்கு வந்தேன், அது ஒன்று. உன்னைக் கேட்காமல் அம்மாவுக்கு எழுதினேன், இது இரண்டு. முதலாவதுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டாவதுக்குக் கேட்கமாட்டேன். நீ ஆயுசுக்கும் என்னோடு பேசாமல் இருந்தாலும், மூச்சு விட்டுக்கொண்டு பேசாமல் இரு. அது போதும்.

வெள்ளிக்கிழமை நான் நிறுத்தவில்லை. அஸர் முடிந்ததும் தணல் வைக்கிறேன், மூன்று ஓதுகிறேன், மூடியைத் திறந்து மெஸ்ஸுக்கு அனுப்பிவிடுகிறேன். அப்புறமும் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். முன்னெல்லாம் நான் முடிக்கும்போது நீயும் முடித்திருப்பாய் என்று எழுந்துவிடுவேன். இப்போது நீ ஓதுகிறாயா, ஓதினால் எத்தனை இடத்தில் நிற்கிறாய், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், ஒன்றும் தெரியவில்லை. பாதியில் உன்னை விட்டுவிட்டு எழுந்து போகவும் மனசு வரவில்லை. அதனால் பொழுது இறங்கி மக்ரிபு பாங்கு சொல்லுகிறவரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன். கூட இருக்கிறவர்கள் எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்கிறார்கள்.

உனக்குக் கதவு இல்லாமல் செய்துவிட்டேன். எந்தக் கதவைத் தட்டுவது என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஒலியுல்லா


பழனி
11 மார்ச் 1944

மச்சானுக்கு ஜாஹிதாவின் ஸலாம். அண்ணன், ஷம்ஷாத் மதினி, எல்லோரும் சுகம்.

கோபம் போகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே எழுதப் போவதைப் பார்த்துவிட்டு நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். இரண்டாவதுக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்று எழுதினீர்களே, அதற்கும் சேர்த்துக் கோபம். நேரில் வந்ததும் மீதியைச் சொல்கிறேன்.

பங்குனி உத்திரத்துக்குப் பஞ்சாமிர்தம் செய்கிறவர்கள் வாங்க வருவார்கள் என்று அண்ணன் மண்டியில் விருப்பாச்சி வாழைத்தார் வந்து குவிந்து கிடக்கிறது. பேரிக்காய்க்கு இங்கே எங்கே போவது? நேற்று வெள்ளிக்கிழமை ஒரு சீப்பை எடுத்து வந்து, உரித்துத் துண்டு போட்டு, சர்க்கரையும் பட்டையும் சேர்த்துத் தட்டில் பரப்பினேன். மாவைக் கரண்டி கரண்டியாக விட்டேன். மதினி எட்டிப் பார்த்து, "என்னடி இது, மேடும் பள்ளமுமா கெடக்கு? கொஞ்சம் தடவி விடேன்" என்று கையை நீட்டினாள். தட்டிவிட்டேன். ஆவி வெளியே வர வேண்டாமா?

அஸர் தொழுதேன். மேலே பன்னிரண்டு, கீழே எட்டு. ஒளுவோடு உட்கார்ந்து ஓத ஆரம்பித்தேன். இந்த ஊர் வெயிலில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் வேர்த்துக் கொட்டுகிறது. மதினி விசிறியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், நான் எங்கே நிற்பேன் என்று பார்க்கத்தான். ஆயத் முடிகிற இடங்களில் நின்றேன், இல்லை என்று சொல்லமாட்டேன். அத்தா சொல்லிக்கொடுத்த அளவுக்குத்தான் நின்றேன். இரண்டாவது யாசீனில் பாதிக்கு மேல் போனபோது மதினி விசிறியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இரண்டும் முடிந்தது. மூடியைத் திறந்தேன்.

பொன்னிறம், மச்சான். ஓரமும் பொன்னிறம், நடுவும் பொன்னிறம். கரண்டியால் தட்டினேன். சத்தமே இல்லை, உள்ளே இறங்கிவிட்டது. விருப்பாச்சிப் பழத்துக்குக் கொஞ்சம் புளிப்பு இருப்பதால் நன்றாகவே வந்திருக்கிறது. நீங்கள் சாப்பிட்டால் ஏதாவது குறை சொல்வீர்கள். ஒரு பக்கத்தை வெட்டாமல் எடுத்து வைத்தேன், யாருக்கு என்று எனக்கே தெரியாமல். காலையில் எறும்பு வந்துவிட்டது.

அண்ணன் வீட்டுக் கதவு பச்சை வர்ணம். பஜாரில் சாகுல் ஹமீது வாழைமண்டி என்று கேட்டால் காட்டுவார்கள். கரிக்கையோடு வந்தாலும் சரி.

இனிமேல் மக்ரிபு வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை மூன்று ஓதி முடித்ததும் எழுந்துவிடுங்கள். நானும் அப்போதே முடித்திருப்பேன்.

ஜாஹிதா